டிரெய்லரில் டிவி: ஆன்டெனா, கேபிள், டிஷ் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் டாலஸ் பக்கம் நாங்கள் ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள் டிரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் இழுக்கும் வீட்டு வண்டியை, இழுத்துக்கொண்டு வருடத்தில் நான்கைந்து முறை கேம்ப்கிரவுண்டுகளுக்கு (அப்படி வண்டியை நிறுத்தித் தங்கும் இடங்களுக்கு) போகிறோம். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் மாதங்களில் அவர்களும் கூட வருவார்கள். பகலெல்லாம் ஏரியும் காடும் சரி. இருட்டிய பிறகு அவர்களுக்கு டிவி வேண்டும். அந்த நேரத்தில்தான் எனக்குப் போன் வரும். ஏழெட்டு வருடமாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். எண் போட்டிருப்பதால் ஒரு பதிலிலிருந்து இன்னொன்றுக்குப் போவது சுலபம்.

1. "அண்ணா, புதுசா டிரெய்லர் வாங்கியிருக்கோம். டிவியை ஆன் பண்ணா 'சிக்னல் இல்லை'ன்னு மட்டும் வருது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

டிரெய்லருக்குள் படம் வர மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கூரைமேல் இருக்கும் ஆன்டெனா. இரண்டு, கேம்ப்கிரவுண்ட் கேபிளை மாட்ட வெளிச்சுவரில் இருக்கும் முனை. மூன்று, டிஷ்ஷுக்கான முனை. மூன்றுக்கும் ஒரே மாதிரி ஒயர், ஒரே மாதிரித் திருகு முனை. குழப்பமெல்லாம் அதனால்தான்.

சுவருக்குள் அவை போகும் பாதை வேறு. ஆன்டெனாவும் கேபிளும் ஒரு சின்ன சுவிட்சில் வந்து சேரும். அந்த சுவிட்ச் இரண்டில் ஒன்றைத்தான் டிவிக்கு அனுப்பும். டிஷ் ஒயர் அந்த சுவிட்ச் பக்கமே போகக் கூடாது. நேராக டிவிக்குப் பின்னால் இருக்கும் வேறொரு முனைக்கு வர வேண்டும். முதலில் நீங்கள் இந்த மூன்றில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பிறகு அந்த வழியில் ஒவ்வொரு முனையாகச் சரிபார்த்துக்கொண்டு போங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தால் இரவு போய்விடும்.

2. "சுவத்துல ஒரு சின்ன பட்டனும் பச்சை லைட்டும் இருக்கே, அது எதுக்கு?"

மேலே சொன்ன சுவிட்ச் அதுதான். பெயர் பூஸ்டர். பச்சை விளக்கு எரிந்தால், ஒயர் வழியாக 12 வோல்ட் மின்சாரம் கூரை ஆன்டெனாவுக்குப் போய் அங்கே இருக்கும் பெருக்கியை இயக்குகிறது என்று அர்த்தம். அப்போது டிவிக்கு ஆன்டெனா மட்டும்தான் வரும். விளக்கு அணைந்திருந்தால் கேபிள் வரும். சில டிரெய்லர்களில் விளக்கு சிவப்பாக இருக்கும், வேலை ஒன்றுதான்.

ஆன்டெனா என்றால் ஆன், கேபிள் என்றால் ஆஃப். இதை ஒரு சீட்டில் எழுதிப் பட்டன் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். எங்கள் முதல் பயணத்தில், கேபிள் ஒயர் சரியாகத்தான் மாட்டியிருந்தது, ஆனால் இந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் ஒயரை மாற்றினேன், டிவியை மாற்றினேன். அப்பா பொறுமையாக வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து டிரெய்லர்க்காரர் உள்ளே வந்து ஒரு விரலால் பட்டனை அழுத்தினார், படம் வந்தது. எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் இந்தப் பட்டனோடு முடிந்துவிடுகின்றன.

இந்தப் பட்டன் எங்கே இருக்கும் என்று ஒரு விதி கிடையாது. டிவிக்குப் பின்னால், துணி அலமாரிக்குள், மேல் அலமாரியின் பக்கவாட்டில் என்று எங்கும் வைத்திருப்பார்கள். வாங்கும் நாளிலேயே விற்பவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

3. "ஆன்டெனாவை மட்டும் நம்பினா என்ன கிடைக்கும்? காசு கட்டணுமா?"

காசு எதுவும் இல்லை. ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி., ஃபாக்ஸ், பி.பி.எஸ். போன்றவற்றின் உள்ளூர் நிலையங்கள் காற்றில் இலவசமாக வருகின்றன. அமெரிக்காவில் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12-இல் முழுவதும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. அதற்குப் பிறகு வந்த எந்த டிவியிலும் நேரடியாகப் பார்க்கலாம். டிவியின் மெனுவில் 'ஆன்டெனா' அல்லது 'ஏர்' என்று வைத்து சேனல் ஸ்கேன் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஊருக்குப் போகும்போதும் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும், ஏனென்றால் டிவியின் நினைவில் இருப்பது பழைய ஊரின் பட்டியல்.

எத்தனை வரும் என்பது கோபுரம் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. டாலஸ் - ஃபோர்ட் வொர்த் நிலையங்களின் கோபுரங்கள் சீடர் ஹில்லில் இருக்கின்றன. அங்கே ஜோ பூல் ஏரிக்கரையில் இருக்கும் மாநிலப் பூங்காவில் தங்கினால் சேனல்கள் கொட்டும். பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் நாங்கள் தங்கியபோது ஸ்கேனில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆன்டெனா திருப்பும் வகையாக இருந்தால், கோபுரம் இருக்கும் திசைக்கு அதன் அகலமான முகத்தைத் திருப்பிவிட்டு அப்புறம் ஸ்கேன் செய்யுங்கள். திசையை எஃப்.சி.சி. என்ற அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

4. "ஆன்டெனாவை ஏத்தி இறக்குறதுல ஏதாவது கவனிக்கணுமா?"

மிக முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பழைய டிரெய்லர்களில் வவ்வால் இறக்கை மாதிரி ஒரு ஆன்டெனா இருக்கும். உள்ளே கூரையில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றி உயர்த்த வேண்டும். இறக்குவதற்கு முன் அதைத் திருப்பி, கைப்பிடி வளையத்தில் இருக்கும் இரண்டு அம்புக்குறிகளும் நேருக்கு நேர் வரும்படி வைத்துவிட்டு, அதன் பிறகே இறக்க வேண்டும். கோணலாக இறக்கினால் கூரையில் மோதி உடையும்.

ஏற்றியபடியே வண்டியை எடுத்துவிடுவது அதைவிட மோசம். முதல் மரக்கிளையிலேயே ஆன்டெனா போய்விடும், கூரையும் கிழியும், அப்புறம் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஆன்டெனாவை ஏற்றும்போதே ஒரு சிவப்புத் துணியை எடுத்து ஸ்டீயரிங்கில் கட்டிவிடுவது எங்கள் குழுவின் பழக்கம். இறக்கிய பிறகுதான் துணியை அவிழ்க்க வேண்டும். புது டிரெய்லர்களில் வட்டமாக, அசையாமல் இருக்கும் ஆன்டெனா வருகிறது. அதற்கு இந்தக் கவலை இல்லை.

5. "கேம்ப்கிரவுண்ட்ல கேபிள் டிவி உண்டுன்னு போட்டிருக்கான். நான் என்ன எடுத்துட்டுப் போகணும்?"

இரண்டு முனையிலும் திருகு கனெக்டர் உள்ள 25 அடி ஒயர் ஒன்று, அதே மாதிரி இன்னொன்று, இரண்டையும் இணைக்க ஒரு சின்ன இணைப்பான். அவ்வளவுதான். நீங்கள் மின்சாரம் எடுக்கும் கம்பத்துப் பெட்டியிலேயே கேபிள் முனையும் இருக்கும். அங்கிருந்து டிரெய்லரின் வெளிச்சுவரில் 'கேபிள்' என்று எழுதிய முனைக்கு மாட்டுங்கள். நடுவில் இருக்கும் செம்புக் கம்பி வளையாமல் நேராகப் போகிறதா என்று பார்த்துவிட்டுத் திருகுங்கள். ஊரில் கேபிள்காரர் பல்லால் ஒயரைச் சீவிச் செருகிவிட்டுப் போவாரே, அந்த முறை இங்கே வெளியில், மழையில் நிற்காது.

தனியார் கேம்ப்கிரவுண்டுகளில்தான் பெரும்பாலும் கேபிள் கிடைக்கும். மாநிலப் பூங்காக்களில் மின்சாரமும் தண்ணீரும் இருக்கும், கேபிளை எதிர்பார்க்காதீர்கள். தேசியப் பூங்காக்களில் பல இடங்களில் மின்சாரமே கிடையாது. பதிவு செய்யும்போதே உங்கள் இடத்தில் கேபிள் முனை உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஒரே கேம்ப்கிரவுண்டில் சில வரிசைகளுக்கு மட்டும் கேபிள் இருப்பது உண்டு.

6. "எல்லாம் மாட்டியாச்சு, பச்சை லைட்டையும் அணைச்சாச்சு. ஸ்கேன் பண்ணா ஒரு சேனலும் இல்ல!"

டிவி மெனுவைப் பாருங்கள். ஆன்டெனாவும் கேபிளும் வேறு வேறு அலைவரிசை அமைப்பு. மெனுவில் 'ஆன்டெனா' என்று இருக்கும்போது கேபிளை ஸ்கேன் செய்தால் கிட்டத்தட்ட எதுவுமே கிடைக்காது. 'கேபிள்' என்று மாற்றிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பத்து நிமிடம்கூட ஆகலாம், நடுவில் நிறுத்தாதீர்கள்.

அப்படியும் வரவில்லை என்றால், அந்த கேம்ப்கிரவுண்டின் கேபிள் பூட்டி, அதாவது தனிப் பெட்டி இல்லாமல் டிவியில் பார்க்க முடியாதபடி, அனுப்பப்படுகிறது என்று அர்த்தம். முன்பெல்லாம் அடிப்படை சேனல்களைப் பூட்டாமல் அனுப்ப வேண்டும் என்று விதி இருந்தது. 2012-இல் எஃப்.சி.சி. அதைத் தளர்த்தி, முழுக்க டிஜிட்டலான கேபிள் நிறுவனங்கள் எல்லாவற்றையும் பூட்டலாம் என்று அனுமதித்தது. அதனால் இப்போது பல இடங்களில் அலுவலகத்தில் ஒரு சின்னப் பெட்டி கொடுப்பார்கள், சில இடங்களில் முன்பணம் கேட்பார்கள். போய்க் கேளுங்கள்.

பெட்டி தேவையில்லை என்று அலுவலகத்தில் சொன்னால், உங்கள் டிவியை வெளியே எடுத்துவந்து கம்பத்துப் பெட்டியில் நேராக ஒரு ஒயர் போட்டுப் பாருங்கள். அங்கே படம் வந்தால் கோளாறு உங்கள் டிரெய்லருக்குள். வரவில்லை என்றால் அவர்களுடையது, தயங்காமல் வேறு இடம் கேளுங்கள்.

7. "அலுவலகத்துல கொடுத்த பெட்டியை எங்கே மாட்டணும்? வெளியிலேயா உள்ளேயா?"

உள்ளே, டிவிக்குப் பக்கத்தில். சுவரிலிருந்து டிவிக்குப் போகும் ஒயரைக் கழற்றிப் பெட்டியின் 'இன்' முனையில் மாட்டுங்கள். பெட்டியிலிருந்து எச்.டி.எம்.ஐ. ஒயர் டிவிக்கு. பிறகு டிவியில் எச்.டி.எம்.ஐ.யைத் தேர்ந்தெடுங்கள், ஸ்கேன் தேவையில்லை. படுக்கையறை டிவிக்கு இன்னொரு பெட்டி வேண்டும்.

8. "ஒயர்ல என்ன இருக்கு? கடையில மலிவா இருக்கிறதை வாங்கிடலாமா?"

ஆர்.ஜி.6 என்று ஒயரின் மேலேயே அச்சிட்டிருக்கும், அதை மட்டும் வாங்குங்கள். ஆர்.ஜி.59 என்று மெல்லியதாக ஒன்று கிடைக்கும், பழைய டிரெய்லர்களின் சுவருக்குள்ளும் அது இருக்கலாம். ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் ஓரளவு சமாளிக்கும். டிஷ்ஷுக்கு அது ஆகாது. டிஷ்ஷின் அலை இந்த ஒயரில் 950 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடுகிறது. அலைவரிசை உயர உயர ஒயர் அதிகமாக விழுங்கும். ஆர்.ஜி.6-லேயே 1450 மெகாஹெர்ட்ஸில் 100 அடிக்குச் சுமார் 8 டெசிபெல் போய்விடும். 3 டெசிபெல் குறைந்தாலே பாதி பலம் போயிற்று என்று கணக்கு. அதனால் 50 அடிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

கனெக்டர் அழுத்திப் பொருத்திய வகையாக இருக்கட்டும். மாட்டாத நேரத்தில் முனைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். பச்சையாகக் களிம்பு பிடித்த முனை இருந்தால் ஒயரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

9. "சாட்டிலைட்டுக்கு வருவோம். வீட்டு மாடியில இருக்கிற டிஷ்ஷைக் கழட்டி எடுத்துட்டுப் போகலாமா?"

குடையைக் கழற்றாதீர்கள். திரும்ப வந்து அதே கோணத்தில் வைப்பது பெரிய வேலை. பெட்டியை மட்டும் எடுத்துப் போகலாமா என்றால், அது எந்த நிறுவனம், எந்தப் பெட்டி என்பதைப் பொறுத்தது.

டிஷ் நெட்வொர்க்கின் வாலி என்ற சின்னப் பெட்டி டிரெய்லருக்கு மிகவும் பொருத்தம். வீட்டுக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம், அல்லது பயணம் போகும் மாதங்களுக்கு மட்டும் காசு கட்டும் திட்டத்தில் தனியாக எடுக்கலாம். ஹாப்பர் 3 மாதிரிப் பெரிய பெட்டி பல செயற்கைக்கோள்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். தூக்கிப் போகும் சின்ன டோம் (மூடிக்குள் இருக்கும் குடை, அடுத்த பதிலில் சொல்கிறேன்) ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளைத்தான் பார்க்கும். அதனால் இரண்டும் சேராது.

டைரக்டிவியின் எச்.டி. சேனல்கள் மேற்கு 99, 103 டிகிரியில் இருக்கும் செயற்கைக்கோள்களிலிருந்து கேஏ என்ற உயர்ந்த அலைவரிசையில் வருகின்றன. சின்ன டோம்களால் அதைப் பிடிக்க முடியாது. எச்.டி. வேண்டுமென்றால் முக்காலியில் வைக்கும் திறந்த குடைதான். இந்த ஒரு காரணத்துக்காகவே, புதிதாக ஆரம்பிப்பவர்களிடம் நான் டிஷ் நெட்வொர்க்கைச் சொல்கிறேன்.

10. "டோமா, முக்காலிக் குடையா? எதுக்குச் செலவு பண்றது?"

டோம் என்பது பிளாஸ்டிக் மூடிக்குள் சின்னக் குடையும் மோட்டாரும் இருக்கும் உருண்டை. தரையில் சமமான இடத்தில் வைத்து, ஒயரைப் பெட்டியில் மாட்டி, பெட்டியின் மெனுவில் உங்கள் டோமின் வகையைத் தேர்ந்தெடுத்தால், அதுவே வானத்தைத் தேடிச் செயற்கைக்கோளைப் பிடித்துக்கொள்ளும். வார இறுதிப் பயணத்துக்கு இது போதும். காலையில் மூடிமேல் பனித்துளி படர்ந்தால் படம் நிற்கும், துணியால் துடைத்தால் வந்துவிடும்.

முக்காலிக் குடை மலிவு. பெரியது என்பதால் மழையையும் டோமைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் கம்பம் துல்லியமாக நேராக நிற்க வேண்டும், திசை, உயரம், சாய்வு மூன்றையும் நீங்கள்தான் வைக்க வேண்டும். பழகினால் இருபது நிமிடம், பழகாதவருக்கு ஒரு மாலை முழுக்க. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு மட்டும்தான் நான் முக்காலியைச் சொல்வேன்.

11. "எந்தப் பக்கம் பார்த்து வைக்கணும்? மரம் மறைக்குமா?"

டிவி செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. சென்னை பூமத்திய ரேகைக்குப் பக்கம். அங்கே செயற்கைக்கோள் உச்சிக்கு அருகில் இருப்பதால் மரம் பெரிய பிரச்சினையாக இருந்திருக்காது. அமெரிக்கா வடக்கே தள்ளி இருக்கிறது. எனவே தெற்கு வானத்தில் சரிவாகப் பார்க்க வேண்டும்.

டாலஸிலிருந்து டிஷ் நெட்வொர்க்கின் மேற்கு 110, 119, 129 டிகிரி தீர்க்கரேகைகளில் நிற்கும் செயற்கைக்கோள்கள் தெற்கிலிருந்து தென்மேற்கு வரை, தரையிலிருந்து ஏறத்தாழ 49, 45, 39 டிகிரி உயரத்தில் இருக்கின்றன. 45 டிகிரி என்றால் கணக்கு சுலபம்: 40 அடி மரத்திலிருந்து 40 அடிக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும். 39 டிகிரிக்கு 50 அடி தள்ள வேண்டும். நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்கு அதே 119 டிகிரி செயற்கைக்கோள் 25 டிகிரி உயரத்தில்தான் தெரியும், மரங்களுக்குள் போய்விடும். அந்தப் பக்கம் கிழக்கு வரிசையில் இருக்கும் 61.5 டிகிரி செயற்கைக்கோள் 40 டிகிரிக்கு மேல் நிற்கும், அதை வைத்துக்கொள்ளலாம்.

இலைகூட மறைக்கும். கண்ணாடி ஜன்னலும் கூடாது. இடம் பதிவு செய்யும்போது தெற்குப் பக்கம் திறந்த இடமாகக் கேளுங்கள். காடோ ஏரிப் பூங்காவில் சைப்ரஸ் மரங்கள் அவ்வளவு அழகு. அங்கே நாங்கள் டோமை வண்டியிலிருந்து இறக்குவதே இல்லை.

12. "டோம் ஒயரை வெளிச்சுவர் 'கேபிள்' முனையிலேயே மாட்டிட்டேன். பெட்டி டோமையே கண்டுபிடிக்க மாட்டேங்குது."

டோமுக்கு மின்சாரம் பெட்டியிலிருந்து இதே ஒயர் வழியாகத்தான் போகிறது. 'கேபிள்' முனையில் மாட்டினால் நடுவில் 2-ஆம் பதிலில் சொன்ன பூஸ்டரும், அதற்குப் பின்னால் இரண்டு டிவிக்கும் பிரிக்கும் ஒரு பிரிப்பானும் வரும். அவை பெட்டி அனுப்பும் மின்சாரத்தைத் தடுக்கும், 950 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான அலையையும் ஒழுங்காகக் கடத்தாது. டோம் உயிர் பெறவே இல்லை, அப்புறம் பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கும்?

'சாட்டிலைட்' அல்லது 'சாட்' என்று எழுதிய முனையில் மாட்டுங்கள். அது உள்ளே தனியாக எங்கே முடிகிறது என்று பார்த்து, அங்கிருந்து பெட்டிக்கு. அப்படி ஒரு முனையே இல்லாத பழைய டிரெய்லர் என்றால், இந்தப் பயணத்துக்கு மட்டும் ஒயரை ஜன்னல் இடுக்கு வழியாக நேராகப் பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். ஜன்னலில் நுழைக்கத் தட்டையான சின்ன ஒயர்த் துண்டு விற்கிறார்கள், ஆனால் அதுவும் கொஞ்சம் பலத்தைக் குறைக்கும்.

13. "எங்க டிரெய்லர்ல வெளியே ரெண்டு முனை, உள்ளே நாலு முனை. எதுலயும் பேர் இல்ல. எது எதுக்குன்னு எப்படித் தெரியும்?"

மல்டிமீட்டர் இருந்தால் அரை மணி நேர வேலை. முதலில் பூஸ்டரை அணைத்து, டிவி, பெட்டி எல்லாவற்றையும் ஒயரிலிருந்து கழற்றிவிடுங்கள். மின்சாரம் இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. வெளி முனை ஒன்றில், நடுத்துளையையும் வெளி வளையத்தையும் தொடும்படி ஒரு சின்ன அலுமினியத் தாள் உருண்டையை அழுத்தி வையுங்கள். உள்ளே ஒவ்வொரு முனையிலும் மீட்டரை வைத்து, நடுவுக்கும் வளையத்துக்கும் இடையே இணைப்பு ஒலி வருகிறதா பாருங்கள். ஒலி வந்தால் அவை இரண்டும் ஒரே ஒயர், நடுவில் எதுவும் இல்லை. அதுதான் டிஷ்ஷுக்கான வழி. எங்குமே ஒலி வராத வெளி முனை பெரும்பாலும் பூஸ்டர் வழியாகப் போகும் கேபிள் முனை.

கண்டுபிடித்ததும் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். தாள் உருண்டையை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

14. "ஹால்ல அப்பா நியூஸ், பெட்ரூம்ல பசங்க கார்ட்டூன். ஒரு டோம்ல ரெண்டும் நடக்குமா?"

இரண்டு டிவியிலும் ஒரே சேனல் போதும் என்றால் ஒரு பெட்டி, ஒரு எச்.டி.எம்.ஐ. பிரிப்பான். வேறு வேறு சேனல் என்றால் இரண்டு பெட்டிகள், இரண்டு முனை உள்ள டோம், இரண்டு தனி ஒயர். ஆனாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. 9-ஆம் பதிலில் சொன்னபடி டோம் ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளைத்தான் பார்க்கும். முதல் பெட்டி சொல்லும் செயற்கைக்கோளுக்கே அது திரும்பும். இரண்டாவது பெட்டிக்கு அதே செயற்கைக்கோளில் இருக்கும் சேனல்கள் மட்டும்தான் கிடைக்கும். பசங்களுக்குப் பெரும்பாலும் ஆன்டெனாவே போதும். பி.பி.எஸ்.ஸின் குழந்தைகள் நிகழ்ச்சிகள் இலவசமாக வருகின்றன.

15. "டாலஸ்லேர்ந்து கொலராடோ போனோம். டிஷ்ல எல்லாம் வருது, லோக்கல் சேனல் மட்டும் போயிடுச்சு."

உள்ளூர் சேனல்களைச் செயற்கைக்கோள் அந்தந்தப் பகுதிக்கு மட்டும் குறுகிய கதிராக அனுப்புகிறது. அந்த வட்டத்தைத் தாண்டினால் கிடைக்காது. நிறுவனத்தைக் கூப்பிட்டு 'இப்போது இங்கே இருக்கிறேன்' என்று சேவை முகவரியை மாற்றினால் புது ஊரின் உள்ளூர் சேனல்கள் வரும். வீடு திரும்பியதும் மறுபடி மாற்ற வேண்டும். இரண்டு நாள் தங்குவதற்கு இதெல்லாம் வேண்டாம், ஆன்டெனாவை ஏற்றி 3-ஆம் பதிலில் உள்ளபடி ஸ்கேன் செய்யுங்கள்.

16. "ஊர்லேர்ந்து வரும்போது நம்ம செட்டாப் பாக்ஸையே அம்மா எடுத்துட்டு வந்துட்டாங்க. இங்க ஓடுமா?"

ஓடாது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். டாலஸ் மேற்கு 97 டிகிரி. பூமியில் அதற்கு நேர் எதிரான தீர்க்கரேகை கிழக்கு 83 டிகிரி. இந்தியாவின் டி.டி.எச். செயற்கைக்கோள்கள் அந்தப் பக்கத்து வானத்தில்தான் நிற்கின்றன. நமக்கும் அவற்றுக்கும் நடுவில் முழுப் பூமியும் இருக்கிறது. எவ்வளவு பெரிய குடை வைத்தாலும் பயனில்லை.

17. "அப்போ தமிழ் சேனலுக்கு என்னதான் வழி?"

இணையம். சன் நெக்ஸ்ட், ஸ்லிங்கின் தமிழ்த் தொகுப்பு, யப் டிவி போன்றவை இங்கே கிடைக்கின்றன. டிவியில் செருகும் ஸ்டிக்கும் நல்ல இணைப்பும் இருந்தால் போதும். எங்கள் குழுவில் பெற்றோருக்காக டிவி பார்ப்பவர்கள் எல்லாரும் இப்போது இதில்தான் இருக்கிறார்கள்.

கேம்ப்கிரவுண்ட் வைஃபையை மாலையில் நம்ப முடியாது, எல்லாரும் அந்த நேரத்தில்தான் பார்ப்பார்கள். போன் ஹாட்ஸ்பாட் என்றால் எச்.டி. படம் மணிக்குச் சுமார் 3 ஜிபி விழுங்கும் என்று கணக்கு வையுங்கள். தரத்தைக் குறைத்து வைத்தால் சீரியலுக்குப் போதும், 32 அங்குல டிவியில் பெரிய வித்தியாசம் தெரியாது. போன் சிக்னலே இல்லாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்கின் ரோம் திட்டம் இருக்கிறது. அதன் செயற்கைக்கோள்கள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல, வானம் முழுக்க ஓடுபவை. அதனால் தெற்கு மட்டும் திறந்திருந்தால் போதாது, தலைக்கு மேலே பரந்த வானம் வேண்டும். மரமடர்ந்த இடத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை விட்டு விட்டு வரும்.

18. "கரண்ட் இல்லாத இடத்துல பேட்டரியில எவ்வளவு நேரம் பார்க்கலாம்?"

டிவியும் பெட்டியும் சேர்ந்து 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். நான்கு மணி நேரத்துக்கு 20 ஆம்பியர் மணி. இன்வெர்ட்டர் வழியாக என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். சாதாரண ஈய அமில பேட்டரி 100 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தாலும், பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே கையில் இருப்பது 50. அதிலிருந்துதான் விளக்கு, தண்ணீர் பம்ப், குளிர்காலத்தில் ஹீட்டரின் விசிறி எல்லாம் ஓட வேண்டும். குளிர் இரவில் ஹீட்டர்தான் முதலில், டிவி அப்புறம்.

12 வோல்ட்டிலேயே ஓடும் டிவி வந்த டிரெய்லர் என்றால் இன்வெர்ட்டர் வேண்டாம். ஸ்டார்லிங்க் மினி 25 முதல் 40 வாட் வரை இழுக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். பூஸ்டரின் பச்சை விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள், இரவெல்லாம் வீணாக எரிய வேண்டாம்.

19. "ஓடும்போதே பார்க்கிற மாதிரி டோம் விக்கிறாங்களே, அதை வாங்கலாமா?"

அது மோட்டார் ஹோம், அதாவது தானே ஓடும் வீட்டு வண்டி, வைத்திருப்பவர்களுக்கானது. வண்டியால் இழுக்கும் டிரெய்லருக்குள் ஓடும்போது ஆட்கள் உட்காருவதைப் பல மாநிலங்களில் சட்டம் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் பெற்றோரையோ குழந்தைகளையோ அங்கே உட்கார வைக்காதீர்கள்.

20. "கேபிள் ஒயரை மாட்டும்போது கையில சுருக்குனு அடிச்சுது. லேசாத்தான். விட்டுடலாமா?"

விடக் கூடாது. கேபிள் ஒயரின் வெளி உறை கேம்ப்கிரவுண்டின் தரை இணைப்போடு சேர்ந்தது. அதைத் தொட்டுக்கொண்டே டிரெய்லரின் உலோகத்தைத் தொடும்போது ஷாக் அடிக்கிறது என்றால், உங்கள் டிரெய்லரின் உடம்பில் மின்சாரம் நிற்கிறது என்று அர்த்தம். கம்பத்துப் பெட்டியிலோ உங்கள் மின் ஒயரிலோ தரை இணைப்பு அறுந்திருக்கலாம். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைத் தொடும் குழந்தைக்கு அது லேசாக இருக்காது.

கேபிளை விடுங்கள். டிரெய்லரின் உலோகத்தைத் தொடாமல் கம்பத்துப் பெட்டிக்குப் போய் பிரேக்கரை அணைத்து மின் ஒயரைக் கழற்றுங்கள். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அலுவலகத்தில் சொல்லி வேறு இடம் வாங்குங்கள். அங்கேயும் அடித்தால் கோளாறு உங்கள் ஒயரில் அல்லது டிரெய்லரில். எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மின்சாரமே எடுக்காதீர்கள். தொடாமலே மின்சாரத்தைக் காட்டும் பேனா போன்ற சோதிப்பான் ஒன்றை எல்லாரும் வாங்கி வையுங்கள். புது இடத்தில் மின் ஒயரை மாட்டியதும் முதல் வேலையாக அதை டிரெய்லரின் உலோகப் பகுதி பக்கத்தில் காட்டுங்கள். அது சத்தம் போடாமல் இருந்தால் மட்டும் மற்றவர்களை உள்ளே ஏற விடுங்கள், கேபிளை மாட்டுங்கள்.

21. "இடி மின்னல் வந்தா?"

புயல் நெருங்குவதற்கு முன்பே கம்பத்திலிருந்து கேபிளையும் டோமிலிருந்து ஒயரையும் கழற்றிவிடுங்கள், ஆன்டெனாவை இறக்குங்கள். இடி ஏற்கெனவே தலைக்கு மேல் வந்துவிட்டால் எதையும் தொடப் போகாதீர்கள், அப்படியே விட்டுவிட்டு உறுதியான கட்டடத்துக்குள் போய்விடுங்கள். டெக்சஸில் வசந்தகாலப் புயலுக்கு டிரெய்லர் பாதுகாப்பான இடமில்லை. பல கேம்ப்கிரவுண்டுகளில் குளியலறைக் கட்டடத்தையே புயலுக்கு ஒதுங்கும் இடமாகச் சொல்வார்கள். வந்து இறங்கிய உடனே அது எங்கே இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டு, பெற்றோரையும் ஒருமுறை அங்கே நடத்திக் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.